எட்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை

இரவு ஏழரை மணி. எலெக்ட்ரானிக் சிட்டியின் நீலாத்ரி சாலையில் ஒரு மருந்துக் கடை. கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்கும் இளைஞருக்குக் கடைக்காரர் அமாக்சிசிலின் ஸ்ட்ரிப்பைக் கத்தரித்து, காகித உறையில் போட்டு, உறையின் மேல் பேனாவால் 1-1-1 என்று எழுதுகிறார். காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு ஒன்று. இளைஞர் உறையைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: “அண்ணா, நைட் ஷிஃப்ட். நான் படுக்கறதே காலைல எட்டு மணிக்கு மேலதான். மதியம்னா எனக்கு நடுராத்திரி மாதிரி. எப்போ போடறது?” இளைஞருக்குப் பின்னால் வரிசை நிற்கிறது. கடைக்காரர் சொல்கிறார்: “சாப்பிட்ட பிறகு போட்டுக்குங்க தம்பி.”

இரவு வேலை நடக்கும் இந்தப் பகுதியில் இப்படியொரு பேச்சு எந்தக் கடையிலும் காதில் விழக்கூடியது. 1970களின் இறுதியில் ஆர்.கே. பாலிகாவின் கனவாக, கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 332 ஏக்கரில் தொடங்கிய தொழிற்பேட்டை இன்று அமெரிக்காவின் பகலுக்கும் ஐரோப்பாவின் மாலைக்கும் ஏற்ப வேலை பார்க்கிறது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் தருமபுரியும் இதே நெடுஞ்சாலையில் இருப்பதால் ஷிஃப்ட் வண்டிகளில் தமிழ்ப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. 1-1-1 என்ற குறியோ காலையில் எழுந்து, மூன்று வேளை சாப்பிட்டு, இரவில் படுக்கும் வீட்டுக்காக எழுதப்பட்டது. அந்த இளைஞர் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், விழுங்கிய மாத்திரை உடம்புக்குள் எவ்வளவு நேரம் தங்குகிறது, எந்த அளவில் தங்குகிறது, கிருமிக்கு அதில் எது முக்கியம் என்ற மூன்றையும் பார்த்தாக வேண்டும்.

முதலில் அமாக்சிசிலினையே எடுத்துக்கொள்வோம். 500 மில்லிகிராம் கேப்ஸ்யூலை விழுங்கினால், ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் மருந்தின் அளவு உச்சத்துக்குப் போகிறது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 5.5 முதல் 7.5 மைக்ரோகிராம் வரை. அங்கிருந்து இறங்கத் தொடங்குகிறது. இறங்கும் வேகத்தை அளக்க மருந்தியலார் வைத்திருக்கும் சொல் ‘அரை ஆயுள்’. ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம். அமாக்சிசிலினுக்கு அது ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். உச்சத்தில் 6 என்றால் அடுத்த மணியில் 3, அதற்கடுத்த மணியில் ஒன்றரை, அதற்கடுத்து முக்கால். சிறுநீரகம் அவ்வளவு சுறுசுறுப்பாக அதை வெளியே தள்ளுகிறது. விழுங்கிய ஆறிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் மருந்தில் சுமார் 60 சதம் சிறுநீரில் போய்விடும்.

பெனிசிலின் குடும்பத்தின் இந்த ஓட்டப் புத்தி முதல் நாளிலிருந்தே மருத்துவர்களை வாட்டியிருக்கிறது. 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்குப் பெனிசிலின் ஊசி போடப்பட்டது. முகமெங்கும் சீழ் பிடித்திருந்த அவர் சில நாட்களில் தேறினார். உலகத்தில் இருந்த பெனிசிலினே கைப்பிடி அளவு. அது தீரத் தீர, அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடியும் அவருக்கே செலுத்தினார்கள். அதுவும் போதவில்லை. மார்ச் மாதம் அவர் இறந்துபோனார். மருந்து வேலை செய்யும் என்பதையும், அது உடம்பில் நிற்காது என்பதையும் ஒரே நோயாளி காட்டிவிட்டுப் போனார்.

அப்படியானால் உச்சத்தை உயர்த்திவிட்டால் போதாதா? ஒரே வேளையில் இரண்டு கேப்ஸ்யூல்? இங்கேதான் கணக்கு கைகொடுக்கிறது. ஒவ்வொரு கிருமிக்கும் அதன் பெருக்கத்தை அடக்கத் தேவையான ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. அதை ‘அடக்கும் அளவு’ என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிருமிக்கு அது மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்றால், மேலே சொன்ன ஒரு கேப்ஸ்யூல் அந்தக் கோட்டுக்கு மேலே ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிற்கும். இரண்டாக விழுங்கினால் உச்சம் இரட்டிப்பாகும். ஆனால் ஒரு மணி நேரத்தில் அது பாதியாகி, ஒற்றைக் கேப்ஸ்யூலின் உச்சத்துக்கே வந்துவிடும். இரண்டு மடங்கு மருந்துக்குக் கிடைத்த லாபம் கூடுதலாக ஒரே ஒரு மணி நேரம். ஒரு வேளையை மறந்துவிட்டு அடுத்த வேளையில் இரண்டாகப் போடுகிறவர்கள் இந்த ஒரு மணி நேரத்தைத்தான் வாங்குகிறார்கள்.

பெனிசிலின் வகை மருந்துகளும் செஃபாலோஸ்போரின்களும் இப்படி நேரத்தை நம்பி வேலை செய்பவை. 1940களின் இறுதியிலேயே அமெரிக்க ஆய்வாளர் ஹாரி ஈகிள் இதைக் கவனித்தார். கிருமியின் சுவர் கட்டும் வேலையை இந்த மருந்து தடுக்கிறது. கட்டுகிற நேரமெல்லாம் மருந்து பக்கத்தில் நிற்க வேண்டும். அடக்கும் அளவைத் தாண்டி எத்தனை மடங்கு உயர்ந்தாலும், குறிப்பிட்ட எல்லைக்கு மேல் கொல்லும் வேகம் கூடுவதில்லை. பெனிசிலின் வகைக்கு நாளில் ஏறத்தாழ 40 முதல் 50 சதம் நேரமாவது கோட்டுக்கு மேலே நின்றால் நல்ல பலன் எதிர்பார்க்கலாம் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு.

இனி அந்த இளைஞரின் கடிகாரத்துக்கு வருவோம். வேலைக்குக் கிளம்பும்முன் இரவு 8 மணிக்கு வீட்டில் சாப்பாடு, அதிகாலை 4 மணிக்கு அலுவலக கேன்டீன். சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளுக்கு இரண்டுதான் உள்ளே போகும். 4 மணி மாத்திரைக்கும் அடுத்த 8 மணி மாத்திரைக்கும் நடுவே 16 மணி நேரம். அதில் நான்கு மணி நேரம் மருந்து காவல் நிற்கும். மீதிப் பன்னிரண்டு மணி நேரம் கிருமிக்குத் திறந்த வீடு. இத்தனைக்கும் அவருடைய நாள் எட்டு மணி நேர இடைவெளிக்கு மிகப் பொருத்தமானது. காலை 8 மணிக்குப் படுக்கும்முன் ஒன்று, மாலை 4 மணிக்கு எழுந்ததும் ஒன்று, நள்ளிரவு 12 மணி இடைவேளையில் ஒன்று. பகல் வேலைக்காரரைவிட ஒழுங்கான அட்டவணை இது. அமாக்சிசிலினுக்குச் சாப்பாட்டைப் பற்றிய கவலையும் கிடையாது. வயிறு நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் உறிஞ்சப்படும். உறையில் 1-1-1 என்பதற்குப் பதிலாக 8, 4, 12 என்று எழுதியிருந்தால் வேலை முடிந்தது. மருத்துவரும் கடைக்காரரும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: நீங்கள் எப்போது தூங்குகிறீர்கள்?

பகல் வேலைக்காரருக்கும் இதில் சேதி உண்டு. காலை 8, பகல் 1, இரவு 9 என்று சாப்பாட்டோடு சேர்த்துப் போடுகிறவருக்கு இடைவெளி ஐந்து, எட்டு, பதினொன்று. நாள் மொத்தத்தைக் கூட்டினால் காவல் நேரம் குறையவில்லை. ஆனாலும் இரவில் ஏழு மணி நேரம் தொடர்ச்சியாக விட்டுப்போகிறது. இதைப் பெரிதாக்கிப் பயமுறுத்தவும் கூடாது. மருந்து அகன்ற பிறகும் சில கிருமிகள் மறுபடி பெருகக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கின்றன; நம் உடம்பின் வெள்ளணுக்களும் சும்மா இருப்பதில்லை. ஒரு மணி முன்னே பின்னே ஆனால் எதுவும் முழுகிப்போகாது. ஒரு வேளையை அடியோடு தொலைப்பதுதான் கணக்கைச் சாய்க்கிறது.

ஆனால் எல்லா மருந்தும் நேரத்தை நம்புவதில்லை. நேர்மாறான உண்மையை உலகத்துக்குக் காட்டிய இடங்களில் ஒன்று, எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஓசூர் சாலை வழியாகவே போய்ச் சேரக்கூடிய சென்னை. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம், இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், மதராஸ் அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய அந்த மையத்துக்கு வாலஸ் ஃபாக்ஸ் தலைமையேற்று வந்தார். அதன் முதல் ஆய்வு மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்றது. 193 நோயாளிகளைப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்ததில், நெரிசலான வீட்டில் ஏழைச் சாப்பாடு சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நிகராகத் தேறினார்கள். 1959இல் அந்த முடிவு வெளியானது. காசநோயாளிகளைப் படுக்கையிலிருந்து விடுவித்தது அதுதான்.

அவ்வளவாகப் பேசப்படாதது அதற்கடுத்த ஆய்வு. 1960இல் வெளியானது. ஐசோனியாசிட் என்ற காசநோய் மாத்திரையைச் சில நோயாளிகளுக்கு நாளுக்கு ஒரே வேளையாகக் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு அதே மொத்த அளவை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். நாள் முழுக்க மருந்து ரத்தத்தில் சீராக இருந்தால்தானே நல்லது என்று அப்போது பலரும் நினைத்திருந்தார்கள். முடிவு வேறாக வந்தது. ஒரே வேளையாக விழுங்கியவர்களே கூடுதலாகக் குணமடைந்தார்கள். மருந்தின் மொத்தம் ஒன்றுதான். மாறியது ரத்தத்தில் எழும் உச்சம் மட்டும். காசநோய்க் கிருமிக்கு ஐசோனியாசிட் கொடுக்கும் அடியின் வலு அந்த உச்சத்தைச் சார்ந்திருக்கிறது என்பதற்கு நோயாளிகளின் உடம்பிலிருந்தே கிடைத்த சான்று அது. காசநோய் மாத்திரைகளை இன்றும் நாளுக்கு ஒரே வேளையாக மொத்தமாக விழுங்கச் சொல்வதற்கு அந்தச் சேத்துப்பட்டு நோயாளிகளும் ஒரு காரணம்.

அங்கேயே இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. ஒரே மாத்திரை, ஒரே எடை, ஆனால் இரண்டு பேர் ரத்தத்தில் இரண்டு அளவு. ஐசோனியாசிடைக் கல்லீரல் செயலிழக்கச் செய்கிறது. அந்த வேகம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறுகிறது. கங்காதரம், தேவதத்தா, ஃபாக்ஸ் முதலியோர் 1961இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள், தென்னிந்திய நோயாளிகளில் பத்துக்கு ஏறத்தாழ ஆறு பேர் மெதுவாகக் கரைப்பவர்கள் என்று காட்டின. வேகமாகக் கரைப்பவர்களுக்கு மருந்தின் அரை ஆயுள் ஒன்று, ஒன்றரை மணி; மெதுவாகக் கரைப்பவர்களுக்கு மூன்று மணிக்கு மேல். நாள்தோறும் விழுங்கும் வரையில் இந்த வேற்றுமை பலனைப் பெரிதாகக் கெடுக்கவில்லை. மெதுவாகக் கரைப்பவர்களுக்குக் கை கால் எரிச்சலும் மரமரப்பும் கூடுதலாக வந்தன. பிறகு பைரிடாக்சின் என்ற பி-6 வைட்டமின் சேர்க்கப்பட்டது. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் மருந்து என்று இடைவெளியை நீட்டிப் பார்த்தபோது வேகமாகக் கரைப்பவர்கள் தோற்றார்கள். அட்டவணை நீள நீள, ஆளுக்கு ஆள் உள்ள வேற்றுமை வெளியே தலைகாட்டுகிறது. அவர்களுக்காக மெதுவாகக் கசியும் ஐசோனியாசிட் மாத்திரைகளைக்கூட 1970களில் மதராஸில் சோதித்துப் பார்த்தார்கள்.

வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் என்ற அட்டவணைகளும் மதராஸ் ஆய்வுகளில் வளர்ந்தவைதான். மருந்தின் அடி பட்ட காசநோய்க் கிருமி மறுபடி பெருகத் தொடங்கச் சில நாட்கள் எடுத்துக்கொள்ளும் என்று லண்டனில் டிக்கின்சனும் மிச்சிசனும் ஆய்வகத்தில் கண்டிருந்தது அதற்குத் துணை நின்றது. இந்தியா 1997இலிருந்து வாரம் மூன்று முறை, கண்ணெதிரே விழுங்கும் முறையை நாடெங்கும் கொண்டுபோனது. வசதியும் சிக்கனமும் அதில் இருந்தன. சிக்கலும் இருந்தது. வாரத்துக்கு மூன்றே வேளை என்றால் ஒரு வேளை தவறியவுடன் வாரத்தின் மூன்றில் ஒரு பங்கு மருந்து போய்விடுகிறது. எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்து இருந்தவர்களிடம் சென்னை, மதுரை, வேலூரில் நடத்தி 2018இல் வெளியான ஒப்பீட்டில், தினமும் மருந்து எடுத்தவர்களில் 91 சதம் பேர் நல்ல பலன் பெற்றார்கள். வாரம் மூன்று முறை எடுத்தவர்களில் 77 சதம். அதற்கு முந்தைய ஆண்டே, 2017இல், உச்ச நீதிமன்றத்தில் நடந்த பொதுநல வழக்கை ஒட்டி நாடு தினசரி முறைக்கு மாறிவிட்டிருந்தது. ஒரு மருந்தின் இடைவெளி நீதிமன்றம் வரை போன அபூர்வக் கதை இது. வேண்டியிருந்த வழக்கு, தாமதமாகவே வந்த வழக்கு.

தினசரி என்று சொன்னாலும் வீட்டில் யார் விழுங்கினார்கள் என்பதை எப்படி அறிவது? பெங்களூருவில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பிறந்த 99டாட்ஸ் என்ற முறை அதற்கு எளிய வழி ஒன்று கண்டது. மாத்திரை அட்டையை ஓர் உறைக்குள் வைத்துத் தருவார்கள். மாத்திரையை அழுத்தி எடுத்தால் அதன் பின்னால் மறைந்திருக்கும் எண் தெரியும். அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால். காசு செலவில்லை. எந்த நாள் எந்த எண் வரும் என்று முன்கூட்டித் தெரியாததால், அழைப்பு வந்தால் மாத்திரை வெளியே வந்துவிட்டது என்று பொருள். அருமையான யோசனை. ஆனால் நோயாளிகளின் சிறுநீரில் ஐசோனியாசிடின் தடயம் இருக்கிறதா என்று வீடு தேடிப்போய்ச் சோதித்தபோது, மிஸ்டு கால் கணக்கும் உடம்பின் கணக்கும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. விழுங்கிவிட்டு அழைக்காதவர்களும் இருந்தார்கள். அழைத்துவிட்டு விழுங்காதவர்களும் இருந்தார்கள்.

உச்சமும் நேரமும் தவிர மூன்றாவதாக ஒரு வகை உண்டு: ஒரு நாளில் உடம்புக்குக் கிடைத்த மொத்தம். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்றவை பெரும்பாலும் இந்தக் கணக்கில் வருகின்றன. உச்சமும் அவற்றுக்குத் துணை நிற்கிறது. சிப்ரோவின் அரை ஆயுள் நான்கு மணி நேரம் என்பதால் 12 மணிக்கு ஒருமுறை. லீவோவுக்கு ஆறிலிருந்து எட்டு மணி என்பதால் நாளுக்கு ஒன்று. டாக்சிசைக்ளினின் அரை ஆயுள் இன்னும் நீளம், 18 மணிக்கு மேல். அவ்வளவு மெதுவாக இறங்கும் மருந்து மெதுவாகத்தான் ஏறவும் செய்யும். நிலையான அளவை எட்ட நான்கைந்து அரை ஆயுள் ஆகும் என்பது பொது விதி. காய்ச்சல்காரர் நான்கு நாள் காத்திருக்க முடியாதல்லவா, அதனால்தான் முதல் நாள் இரட்டை அளவு, பிறகு பாதி. சீட்டில் முதல் நாள் மட்டும் இரண்டு என்று எழுதியிருப்பதைப் பிழை என்று நினைத்துக் குறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது பிழையல்ல.

நீளத்தில் இவை எல்லாவற்றையும் விஞ்சுவது அசித்ரோமைசின். 500 மில்லிகிராம் விழுங்கிய பிறகு ரத்தத்தில் அதன் உச்சம் அரை மைக்ரோகிராமைத் தொடுவதே அரிது. ரத்தத்தை மட்டும் பார்ப்பவர் மாத்திரை வேலையே செய்யவில்லை என்பார். அது ரத்தத்தில் தங்காமல் திசுக்களுக்குள்ளும் வெள்ளணுக்களுக்குள்ளும் போய் ஒளிந்துகொள்கிறது. அங்கே அளவு பல மடங்கு. வெள்ளணுக்களே அதைத் தொற்று உள்ள இடத்துக்குச் சுமந்து போகின்றன. செல்லுக்குள் பதுங்கும் டைபாய்டு கிருமிக்கு எதிராக இது பயன்படுவதற்குக் காரணம் அதுதான். அரை ஆயுள் 68 மணி நேரம். மூன்று நாள் மூன்று மாத்திரை என்று முடித்த பிறகும் பல நாட்களுக்கு மருந்து உடம்பில் இருக்கும்.

இந்த வசதிதான் அதன் ஆபத்தும். கடைசி மாத்திரைக்குப் பிறகு அளவு மெல்ல மெல்லத் தேய்கிறது. அடக்கும் அளவுக்குக் கீழே, ஆனால் பூஜ்யமாகாமல், நீண்ட நாள் நிற்கிறது. கொல்லாத அளவில் மருந்தைத் தினம் பார்க்கும் கிருமிகள் அதைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ள அது நல்ல பள்ளிக்கூடம். 2019ஆம் ஆண்டின் தனியார் விற்பனையை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், இந்தியாவில் மிக அதிகம் விற்ற ஆன்டிபயாடிக் வடிவம் அசித்ரோமைசின் 500 மாத்திரைதான். அடுத்தது செஃபிக்சிம் 200. அதற்கடுத்த ஆண்டே கொரோனா வந்து, வைரசுக்கும் இதே மாத்திரையை வீடுதோறும் விழுங்க வைத்தது. மூன்றே மாத்திரைதானே என்று தொண்டைக் கரகரப்புக்கெல்லாம் இதைக் கேட்டு வாங்குவதை நிறுத்தியே ஆக வேண்டும்.

ரத்தத்தில் அளவு வேண்டவே வேண்டாம் என்ற மருந்தும் இருக்கிறது, அதுவும் எலெக்ட்ரானிக் சிட்டியின் வாசலிலேயே. கிரண் மஜும்தார் ஷா 1978இல் தொடங்கிய பயோகான் நிறுவனம் ஓசூர் சாலையில் இருபதாவது கிலோமீட்டரில் இருக்கிறது. நொதித்தல் கலையில் வளர்ந்த அந்த நிறுவனம், ஃபிடாக்சோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கின் மூலப்பொருளைத் தயாரித்துத் தர அமெரிக்காவின் ஆப்டிமர் நிறுவனத்தோடு 2010இல் நீண்டகால ஒப்பந்தம் செய்துகொண்டது. மறு ஆண்டு அமெரிக்காவில் அந்த மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. மற்ற ஆன்டிபயாடிக்குகள் குடலின் நல்ல கிருமிகளைத் துடைத்துவிட்ட பிறகு தலையெடுக்கும் க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியின் வயிற்றுப்போக்குக்கு அது மருந்து. 200 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு, பத்து நாள். விழுங்கியது ஏறத்தாழ முழுவதும் குடலிலேயே நின்றுவிடுகிறது. ரத்தத்தில் நானோகிராம் கணக்கில்தான் தென்படும். போர் நடக்கும் இடம் குடல் என்பதால் மருந்து குடலிலேயே நிற்பதுதான் அதன் சிறப்பு. அமாக்சிசிலினின் ரத்த அளவைப் பார்த்த கண்ணோடு இதைப் பார்த்தால் தோற்றுப்போன மருந்து என்று தோன்றும்.

ஒரு மருந்தின் வேளைகளைக் குறைக்க முடியுமா என்பது ஏழை வீடுகளுக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி. மூன்று வேளை மருந்தில் மதிய வேளைதான் தவறும். அப்போது தாய் வேலையில் இருப்பாள். குழந்தைகளின் நிமோனியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் 2014இல் திருத்திய வழிகாட்டுதலில், வாய்வழி அமாக்சிசிலின் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு வேளை என்று சொன்னது. அரை ஆயுள் ஒரு மணியாக இருக்கும் மருந்தை எப்படி 12 மணிக்கு ஒருமுறை கொடுப்பது? பதில் கிருமியிடம் இருக்கிறது. எதிர்ப்பாற்றல் பெறாத நியூமோகாக்கஸ் கிருமியின் அடக்கும் அளவு மிகத் தாழ்வானது, 0.06 மைக்ரோகிராமுக்கே அடங்குபவை உண்டு. 6இலிருந்து அந்தக் கோட்டுக்கு இறங்க ஆறேழு அரை ஆயுள் ஆகும். அதாவது ஒரே வேளை மருந்து எட்டு மணி நேரம் காவல் நிற்கும். கிருமி எதிர்ப்பாற்றல் பெறப் பெறக் கோடு உயர்கிறது. காவல் நேரம் சுருங்குகிறது. இரண்டு வேளை அட்டவணை நிற்பதும் விழுவதும் அந்தக் கோட்டின் உயரத்தைப் பொறுத்தது.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு இந்தியாவே ஒரு நல்ல பதில் கொடுத்திருக்கிறது. ஏழு மருத்துவமனைகளில் 2,188 குழந்தைகளிடம் நடத்தி 2004இல் பி.எம்.ஜே. இதழில் வெளியான ஆய்வில், தீவிரமற்ற நிமோனியாவுக்கு மூன்று நாள் அமாக்சிசிலின் எடுத்தவர்களில் 89.5 சதமும், ஐந்து நாள் எடுத்தவர்களில் 89.9 சதமும் குணமடைந்தார்கள். வேற்றுமை இல்லை என்றே சொல்லலாம். ‘கோர்ஸை முடிக்கணும்’ என்ற வாசகம் எல்லா நோய்க்கும் ஒரே நீளத்தைக் குறிப்பதல்ல. காசநோய்க்கு ஆறு மாதம் என்று எழுதித் தந்தால் ஆறு மாதம்தான். அதில் ஒரு நாளும் பேரம் கிடையாது. குழந்தையின் சளிக் காய்ச்சலுக்குப் பழைய சீட்டில் இருந்த ஏழு நாளை வேதவாக்காகப் பிடித்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. எந்த நோய்க்கு எத்தனை நாள் என்று மருத்துவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேட்க வேண்டும். நுரையீரல் தொற்றுக்காக மும்பையின் வோக்கார்ட் உருவாக்கிய நாஃபித்ரோமைசின் நாளுக்கு ஒன்று, மூன்றே நாள் என்ற அட்டவணையோடு வந்திருக்கிறது.

இனி அடுக்களை. எவ்வளவு மருந்து விழுங்கினோம் என்பதும் எவ்வளவு ரத்தத்தில் சேர்ந்தது என்பதும் வேறு வேறு. செஃபுராக்சிம் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் 37 சதம்தான் உறிஞ்சப்படும்; சாப்பாட்டுக்குப் பின் போட்டால் 52 சதம். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் நேர்மாறு, வெறும் வயிறுதான் அதற்கு நல்லது. சிப்ரோவும் டாக்சிசைக்ளினும் சுண்ணாம்புச் சத்தையும் இரும்பையும் கண்டால் அவற்றோடு ஒட்டிக்கொண்டு கரையாத முடிச்சாகிக் குடலிலேயே கிடந்துவிடும். பாலோடும் தயிரோடும் சிப்ரோவைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் ரத்தத்தில் சேர்ந்த மொத்தம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வயிறு சரியில்லை என்று சிப்ரோ வாங்கிவந்து, வயிற்றுக்கு இதம் என்று ஒரு கிண்ணம் தயிர் சாதத்தோடு விழுங்குவது தமிழ் வீடுகளில் எவ்வளவு இயல்பு! இரண்டும் நல்லவைதான். சிப்ரோவை இரண்டு மணி நேரம் முன்னால் விழுங்கினால் போதும்.

நைட் ஷிஃப்ட்காரருக்கு இன்னொன்று. காபியின் கஃபீனைக் கரைக்கும் கல்லீரல் நொதியைச் சிப்ரோ அடக்கிவைக்கிறது. வழக்கமான இரண்டு ஃபில்டர் காபி அந்த வாரத்தில் நான்கு குடித்ததுபோல் வேலை செய்யலாம். நெஞ்சு படபடக்கிறது, பகலில் தூக்கம் வரவில்லை என்றால் பழியைக் காய்ச்சல் மேல் மட்டும் போட வேண்டாம்.

எலெக்ட்ரானிக் சிட்டியின் அடுக்ககங்களில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மாக்கள் அநேகம். அவர்களில் ஒருவரின் மருந்து டப்பாவைத் திறந்து பார்த்தால் போதும். ஒவ்வொரு கிழமைக்கும் காலை அறை, இரவு அறை. காலை அறையில் தைராய்டு மாத்திரை, பிரஷர் மாத்திரை, எலும்புக்குக் கால்சியம், ரத்தசோகைக்கு இரும்பு. சிறுநீர்த் தொற்றுக்கு லீவோஃப்ளாக்சசின் எழுதித் தந்த நாளில், மகள் அதையும் அதே காலை அறையில் போட்டுவிடுகிறார், அம்மா மறந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில். எல்லாம் ஒரே மடக்குத் தண்ணீரில் உள்ளே போகும். லீவோவின் ஒரு பங்கு கால்சியத்தோடும் இரும்போடும் கட்டிப்போய்க் குடலோடு நின்றுவிடும். அம்மாவின் சிறுநீரகம் வயதில் தளர்ந்திருந்தால் ரத்தத்துக்குள் போன பங்கு மற்றவர்களைவிட நீண்ட நேரம் தங்கும். அப்போது மருத்துவர் சில சமயம் ஒருநாள் விட்டு ஒருநாள் என்றுகூட இடைவெளியை நீட்டுவார். அதனால் சீட்டு எழுதும்போதே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டை நீட்டுவது நல்லது. மகள் செய்ய வேண்டியது கால்சியத்தையும் இரும்பையும் காலை அறையிலிருந்து எடுத்து இரவு அறைக்கு மாற்றுவது. இரண்டையும் ஒன்றாக வைக்காமல், கால்சியம் சாப்பாட்டோடு, இரும்பு படுக்கும்போது. லீவோ மட்டும் காலை ஒன்பது மணிக்கு, ஒரு தம்ளர் வெறும் தண்ணீரில், பாலுக்கும் காபிக்கும் இரண்டு மணி நேரம் முன்னால்.